பழைய பேப்பர்: மண்ணுக்கு ஒத்துக்கொள்ளும், பஜ்ஜிக்கு ஒத்துக்கொள்ளாது

சிவகங்கைப் பக்கத்தில் சொந்த வீடு, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் செம்மண், மாடியில் பைகளில் கத்தரி, தக்காளி, வெண்டை. பரணில் பல வருடத்துப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அதை மண்ணை மூடும் விரிப்பாக, அதாவது மூடாக்காகப் போடலாமா, உரக்குழியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மையில் ஈயம் இருக்கிறது, அது செடி வழியாகக் காய்க்குள் வரும் என்று உங்கள் மகன் தடுக்கிறார். கூடவே அலமாரியில் விரிப்பது, கண்ணாடி துடைப்பது, பட்டுப்புடவையைச் சுற்றி வைப்பது, பஜ்ஜிக்கு எண்ணெய் வடிப்பது, பேரன் வாங்கி வந்த கோழிக்குஞ்சுகளுக்கு விரிப்பது என்று வீட்டு உபயோகங்களையும் வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஒரு நாளிதழின் அச்சுக்கூடத்தில், ரோட்டரி இயந்திரத்தோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது மாடித்தோட்டக்காரன். மையோடும் பழகியிருக்கிறேன், மண்ணோடும் பழகியிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. தோட்டத்துக்குப் போகிற பேப்பரை மறித்து நிற்கிறார்கள். அதே பேப்பரில் சூடான பஜ்ஜியைக் கொட்டும்போது யாரும் வாய் திறப்பதில்லை. மையைப் பற்றித் தெரிந்தவன் இதை அப்படியே தலைகீழாக்குவான்.

முதலில் அந்த மை என்ன என்று பார்த்துவிடலாம். நாளிதழ் மையில் பெரும்பங்கு எண்ணெய். கறுப்பு மைக்கு நிறம் தருவது கரித்தூள். பெட்ரோலிய எண்ணெயை அரைகுறையாக எரித்து ஆலையில் எடுக்கிற மிக நுண்ணிய கரி. அதைக் குழைப்பதற்குக் கனிம எண்ணெய், பிடிப்புக்குக் கொஞ்சம் பிசின். வண்ணப் பக்கத்துக்கு இன்னும் மூன்று மைகள் உண்டு: நீலம், ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள். இந்த நான்கு மைகளின் கலவைதான் நீங்கள் பார்க்கும் அத்தனை நிறமும். நாளிதழ் அச்சில் சூடு காட்டி மையை உலர்த்தும் வேலை கிடையாது. எண்ணெய் தாளுக்குள் ஊறி இறங்கும், கரித்தூள் மேலே தங்கும். அதைத்தான் உலர்ந்துவிட்டது என்கிறோம். உண்மையில் அந்த எண்ணெய் எங்கேயும் போய்விடவில்லை, தாளுக்குள்ளேயே இருக்கிறது. காலையில் பேப்பர் படித்த விரல் கறுப்பாவதும், வெள்ளைச் சட்டையில் கறை விழுவதும் அதனால்தான். மற்ற எல்லாப் பதிலுக்கும் இந்த ஒன்றுதான் அடிப்படை: பழைய பேப்பரில் எண்ணெயும் கரியும் தளர்வாக உட்கார்ந்திருக்கின்றன, அவற்றைக் கரைத்து எடுக்கக்கூடிய பொருள் மேலே பட்டால் கிளம்பி வந்துவிடும்.

சிலர் இடையில் புகுந்து, இப்போதெல்லாம் சோயா எண்ணெய் மைதான், பயமே வேண்டாம் என்பார்கள். அது அமெரிக்கக் கதை. 1970-களின் பெட்ரோல் நெருக்கடிக்குப் பிறகு அங்கே பத்திரிகை வெளியீட்டாளர்களின் சங்கம் மாற்று எண்ணெய் தேடியது. அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரிலிருந்து வரும் ‘தி கெசட்’ நாளிதழ் 1987-இல் முதன்முதலாகச் சோயா மையில் அச்சானது. பிறகு அங்கே அது பரவியது. அந்த நாட்டுத் தோட்டக் குறிப்புகளைப் படித்துவிட்டு நம் ஊர்ப் பேப்பருக்கும் அதையே சொல்வது சரியாகாது. என் வேலைக்காலத்தில் நான் கையாண்டது கனிம எண்ணெய் மைதான். உங்கள் வீட்டுப் பேப்பரையும் கனிம எண்ணெய் மை என்றே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இனி ஈயம். உங்கள் மகன் சொல்வது முழுக்கக் கற்பனை இல்லை, காலம் தாண்டி வந்த செய்தி. அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் எழுத்துகளே ஈயத்தால் ஆனவை. ஈயமும் ஆன்டிமனியும் தகரமும் சேர்ந்த கலவையை உருக்கி வார்ப்பார்கள். அதை உருக்கியவர்களும் அச்சுக் கோத்தவர்களும்தான் ஈயத்தோடு மல்லுக்கட்டினார்கள். தாளில் பதிந்தது எழுத்தின் மேல் தடவிய மை, எழுத்தின் ஈயம் அல்ல. மையிலேயே ஈயம் இருந்தது வேறு வழியில்: முன்பு மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு ஈயக் குரோமேட் என்ற நிறமி உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருந்தது. வண்ண இதழ்கள், மிட்டாய்க் காகிதங்கள் எல்லாவற்றிலும் அது வந்தது. மேலை நாடுகளில் 1970, 80-களில் அதை ஒதுக்கினார்கள். இன்றைய நாளிதழின் நான்கு மைகளில் கறுப்பு கரித்தூள், மஞ்சளும் சிவப்பும் கரிம நிறமிகள், நீலம் தாலோசயனைன் என்ற செம்புச் சேர்மம். செம்பு என்றதும் பதற வேண்டாம். அந்தச் செம்பு மூலக்கூறுக்குள் இறுக்கமாகப் பிடிபட்டுக் கிடப்பது, நீரில் கரையாது, வேருக்குக் கிடைக்காது.

ஆகவே உங்கள் பரணில் 1990-களுக்கு முந்தைய வண்ண வாரமலர்களும் தீபாவளி மலர்களும் இருந்தால் அவற்றை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டு போக வேண்டாம். அவை மண்ணுக்குப் போக வேண்டியவையும் இல்லை. அந்தக் காலத் தமிழ் அச்சுப் பிரதிகளைச் சேர்த்துப் பாதுகாக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இருக்கிறது; அரிதான இதழ் ஏதாவது தென்பட்டால் எடைக்குப் போடும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஈயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமானால் வேறு இடத்தில் கவலைப்படலாம். மாடித்தோட்டக்காரர்களில் பாதிப் பேர் பழைய பெயின்ட் வாளியில் செடி வைக்கிறார்கள். பழைய வீட்டின் கதவு, ஜன்னல் கம்பியைச் சுரண்டிய பெயின்ட் உதிரி சுவரோரத்து மண்ணில் விழுந்து கிடக்கிறது, அங்கேயே கீரை விதைக்கிறார்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு இந்தியாவில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சுவரோரத்து மண்ணைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துப் பயப்படுவது வீண்.

மண்ணில் பேப்பர் என்ன ஆகிறது? ஒரு சதுர மீட்டருக்கு ஆறு தாள் கனத்தில் விரித்தால் மொத்தம் கால் கிலோவுக்குச் சற்று அதிகம். நாளிதழ்த் தாள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 45 கிராம்தான். அதில் மை சில கிராம். தாளின் நார் மரத்தின் நார்தான். ஒரு காலத்தில் கரும்புச் சக்கையாகவும் இருந்தது: கரூர் அருகே புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980-களில் சக்கையிலிருந்து நாளிதழ்த் தாள் எடுத்துக் காட்டியது. மரமோ சக்கையோ, பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது சாப்பாடு. கனிம எண்ணெயையும் மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடும். எண்ணெய் சிந்திய நிலத்தைச் சீர்செய்ய அவற்றைத்தானே நம்புகிறார்கள்? இங்கே அவற்றுக்குக் கிடைப்பது அதில் துளிகூட இல்லை. கரித்தூள் மட்டும் மக்காது. அது அடுப்புக்கரி மாதிரி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், செடி அதை உறிஞ்சாது.

அமெரிக்க அரசின் இயற்கை வேளாண்மை விதிகளே பேப்பரை மூடாக்குக்கும் மட்கு உரத்துக்கும் அனுமதிக்கின்றன. நிபந்தனை ஒன்று: பளபளப்புத் தாளும் வண்ண மையும் கூடாது. வண்ணத்தை விலக்கியதில் பழைய ஈயப் பயத்தின் மிச்சம் இருக்கிறது என்பது என் எண்ணம். நாளிதழுக்குள்ளேயே வரும் வண்ண விளம்பரப் பக்கத்தை நான் மண்ணில் போடத் தயங்குவதில்லை. இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் வாங்கி விற்பவர் என்றால் அவர் தனக்குச் சான்று தரும் அமைப்பைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அந்தக் கண்டிப்பு இல்லை.

பளபளப்புத் தாள் வேறு விஷயம். நகைக்கடை, ஜவுளிக்கடைத் துண்டறிக்கை, வார இதழின் அட்டை, கல்யாணப் பத்திரிகை இவற்றின் மேல் வெள்ளைக்களிமண்ணும் செயற்கைப் பசையும் பூசியிருக்கும், சிலவற்றில் பிளாஸ்டிக் படலமே ஒட்டியிருக்கும், தங்க எழுத்து என்றால் உலோகத் தகடு. மக்கவே மக்காது, அல்லது மக்குவதற்குள் உங்களுக்குப் பொறுமை போய்விடும். சந்தேகமாக இருந்தால் தாளின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் தோட்டத்துக்கு, முத்தாக நின்றால் எடைக்கு. கடை பில்லும் ஏடிஎம் சீட்டும் தண்ணீரை உறிஞ்சினாலும் சேர்க்காதீர்கள். வெப்பத்தில் எழுத்து வரவைக்கும் அந்தத் தாளில் பெரும்பாலும் பிஸ்பினால் வகை ரசாயனம் பூசியிருக்கும்.

மூடாக்கு போடும் முறையில்தான் பலர் சொதப்பிவிட்டுப் பேப்பரைக் குறை சொல்கிறார்கள். காய்ந்த மண்ணில் காய்ந்த பேப்பரை விரித்தால் அது குடை பிடித்த மாதிரிதான். மேலே ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடும், கீழே வேர் வாடும். முதலில் மண்ணை நன்றாக நனைக்க வேண்டும். பேப்பரை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, தரைத்தோட்டம் என்றால் ஆறிலிருந்து எட்டுத் தாள் கனத்தில், ஓரங்கள் ஒரு சாண் அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி விரியுங்கள். மேலே சருகு, வைக்கோல், தென்னை நார்க்கழிவு ஏதாவது மூன்று விரல் கனத்துக்கு. அது இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் பேப்பர் சுருண்டு, ஆடிக்காற்றில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். செடியின் தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் தங்கித் தண்டு அழுகும். மாடிப் பைகளுக்கு இரண்டு மூன்று தாள் போதும்.

எந்தக் களைக்கு என்பதும் முக்கியம். விதையிலிருந்து முளைக்கும் சில்லறைக் களைகள் வெளிச்சம் இல்லாமல் அடங்கிவிடும். கோரை அடங்காது. கிழங்கிலிருந்து ஊசி மாதிரி வரும் அதன் முளை பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வெளியேறும், பேப்பர் எம்மாத்திரம். அருகு அடியிலேயே ஓடி ஓரத்தில் தலை காட்டும். இந்த இரண்டும் நிறைந்த இடம் என்றால் முதலில் கிளறி எடுத்துவிட்டுத்தான் பேப்பர்.

இனி உங்கள் ஊருக்கே உரிய தொந்தரவு: கறையான். வெளிநாட்டுக் குறிப்புகளில் அதிகம் பேசப்படாத விஷயம், நம் செம்மண் பூமியில் முதலில் பேச வேண்டிய விஷயம். ஈரமான பேப்பர், மேலே சருகு, உள்ளே இருட்டு: கறையானுக்கு விருந்துப் பந்தலே போட்டுக் கொடுத்தது போல் ஆகும். மண்ணைப் பொறுத்தவரை அதனால் பெரிய நஷ்டமில்லை, பேப்பர் சீக்கிரம் தீர்ந்து போகும், அவ்வளவுதான். ஆனால் பேப்பரைத் தின்று முடித்ததும் அது அடுத்து எங்கே போகும் என்று பாருங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி, மர நிலை இருக்கும் வாசலை ஒட்டி, புதிதாக வைத்த தென்னங்கன்றைச் சுற்றி, விறகு அடுக்கிய இடத்தில் பேப்பர் மூடாக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் பரணில் கிடக்கும் கட்டுகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சுவரில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று இன்றே டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டத்து மையைவிட உங்கள் வீட்டுக்குப் பெரிய ஆபத்து அது.

ஐப்பசி மழையில் வேறு தலைவலி. பேப்பருக்கு அடியில் நத்தை பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் இளங்கன்றுகளை மொட்டையடிக்கும். மழைக்காலத்தில் நான் பேப்பர் மூடாக்கை எடுத்து உரக்குழிக்கு அனுப்பிவிடுவேன். தை பிறந்து வெயில் ஏறும்போது மறுபடி விரிக்கலாம்.

உரக்குழியில் பேப்பர் நல்ல வேலை செய்யும், அளவாகப் போட்டால். அதில் கரிமச்சத்து நிறைய, தழைச்சத்து ஏறக்குறைய இல்லை. சமையலறைக் கழிவு இதற்கு எதிர்: ஈரமும் தழைச்சத்தும் அதிகம், அதனால்தான் நாற்றமும் புழுவும். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்த பேப்பரை அதோடு கலந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளே காற்றுக்கும் வழி விடும். முழுத்தாளாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளக்கட்டு மாதிரி ஆகிவிடும், நடுவில் மக்காது. சருகு கிடைக்கும் இடத்தில் சருகுக்குத்தான் முதலிடம். உலர்ந்த பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேப்பர் வேண்டாம் என்பது என் கணக்கு. நிறையப் பேப்பரை நேரடியாக மண்ணில் கிளறிவிட்டால் அதைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளிறும். மேலே விரிப்பதில் அந்தத் தொல்லை இல்லை. மண்புழுத் தொட்டியில் நனைத்துப் பிழிந்த பேப்பர் கீற்றுகளைப் படுக்கையாகப் போடலாம், புழு அதையும் தின்னும்.

பையின் அடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளின் மேல் ஒரு தாள் போடுவது, பேப்பரைச் சுருட்டி நாற்றுக் குவளை செய்வது இரண்டும் சரி. குவளையை நடும்போது விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியக் கூடாது. வெளியே நிற்கும் காகிதம் திரி மாதிரி உள் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

தோட்டம் முடிந்தது. சமையலறைக்கு வருகிறேன், இங்கேதான் நான் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

பெட்ரோலிய எண்ணெய் தண்ணீரில் கரையாது, சமையல் எண்ணெயில் தாராளமாகக் கரையும். கொதிக்கும் எண்ணெயிலிருந்து எடுத்த பஜ்ஜியைப் பேப்பரில் வைக்கிறீர்கள். பஜ்ஜியின் எண்ணெய் தாளுக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. தாளில் இருந்த கனிம எண்ணெய் அந்தச் சூட்டில் பஜ்ஜிக்குள் ஏறுவது தெரிவதில்லை. சில சமயம் டீக்கடைப் பஜ்ஜியின் முதுகில் தலைப்புச் செய்தி கண்ணாடியில் தெரிவது போல் திரும்பிப் பதிந்திருக்குமே, அதைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். எழுத்தே ஏறும்போது எண்ணெய் ஏறாதா?

கனிம எண்ணெயில் இரண்டு வகைச் சேர்மங்கள் உண்டு. நிறைவுற்ற வகை உடம்பின் திசுக்களில் சேர்ந்து தங்குகிறது. அரோமாட்டிக் என்கிற, வளைய வடிவ மூலக்கூறுகள் கொண்ட வகையில் சில, மரபணுவைச் சிதைத்துப் புற்றுநோய்க்கு வழி செய்யக்கூடியவை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் அறிக்கை கொடுத்தது. ஒரு பஜ்ஜியில் ஒன்றும் ஆகிவிடாது. வாரம் தவறாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே போவதுதான் கவலை, அதுவும் குழந்தைகளுக்கு. இந்தியாவிலும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் எச்சரித்தது; 2018-ஆம் ஆண்டின் பொட்டல விதிகளில் உணவைச் செய்தித்தாளில் சுற்றுவதையும் எண்ணெய் வடிக்க அதைப் பயன்படுத்துவதையும் தடை செய்தது; 2023 செப்டம்பரில் மறுபடி வேண்டுகோள் விடுத்தது. ஆணையம் சொல்லும் இன்னொரு காரணமும் நியாயமானது: அச்சுக்கூடத்திலிருந்து பழைய பேப்பர் கடை வரை அந்தத் தாள் எத்தனை கைகளையும் எந்தெந்தத் தரைகளையும் பார்த்து வருகிறது! கடைக் கிடங்குகளில் எலி ஓடும். உங்கள் வீட்டிலேயே வாங்கிய பேப்பர் என்றால் இந்த இரண்டாம் காரணம் குறையலாம், முதல் காரணம் அப்படியே நிற்கிறது.

அச்சில்லாத வெள்ளை ஓரத்தில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கட்டாக அடுக்கும்போது ஒரு தாளின் மை அடுத்த தாளில் ஒட்டுகிறது. அதைவிட முக்கியமாக, இந்தியாவில் தயாராகும் நாளிதழ்த் தாளில் பெரும்பகுதி பழைய காகிதத்தைக் கூழாக்கி மறுபடி செய்வது. மையை எவ்வளவு கழுவினாலும் பழைய கனிம எண்ணெயின் மிச்சமும் பசைகளின் மிச்சமும் கூழில் தங்கும். சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநில ஆய்வுக்கூடம், மறுசுழற்சி அட்டைப் பெட்டிகளில் வைத்த உலர் உணவில்கூட இந்த எண்ணெய் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்துத்தான் ஐரோப்பாவில் இந்த விவாதமே சூடு பிடித்தது. இலேசான மூலக்கூறுகள் தொடாமலே ஆவியாகக் கிளம்பி உணவில் படிகின்றன. நடுவில் மெல்லிய பாலிதீன் இருந்தாலும் தாண்டிவிடுகின்றன.

இதை வைத்துப் பார்த்தால் பஜ்ஜியைவிட மோசமான பழக்கம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. முறுக்கு, அதிரசம், சீடை வைக்கும் டின்னின் அடியில் பேப்பர் போட்டு வைப்பது. பஜ்ஜி ஐந்து நிமிடம் பேப்பரில் இருக்கிறது, முறுக்கு மூன்று வாரம் மூடிய டின்னுக்குள் அதோடு குடித்தனம் செய்கிறது. தீபாவளிக்கு முன் டின்களைக் கழுவும்போது அந்தத் தாள்களை எல்லாம் எடுத்து எறியுங்கள். எண்ணெய் வடிய, துளை போட்ட எவர்சில்வர் வடிதட்டு ஒன்றைத் தாம்பாளத்தின் மேல் வைத்தால் போதும். பஜ்ஜி அடியில் நமுத்துப் போகாமலும் இருக்கும். விருந்தாளிக்கு வைக்க வாழையிலை இருக்கிறது. உணவுக்கென்றே விற்கும் டிஷ்யூ தாளும் சரிதான்.

ஓட்டல் பொட்டலத்தில் உள்ளே வாழையிலை, வெளியே பேப்பர் என்று கட்டித் தருவார்கள். இலை கிழியாமல், அரைமணியில் சாப்பிட்டுவிட்டால் நான் பெரிதாகப் பொருட்படுத்த மாட்டேன். இலை கிழிந்து சாம்பார் பேப்பரில் ஊறியிருந்தால் அந்த ஓரத்தைத் தள்ளிவிடுவேன். தோலோடு இருக்கும் வறுத்த வேர்க்கடலை, பழுக்க வைக்கும் மாம்பழம், வாழைப்பழம் இவை பேப்பரில் இருக்கலாம், தோலைத்தானே எறிகிறோம்? கொய்யாவை அப்படி வைக்காதீர்கள். கீரையும் கறிவேப்பிலையும் பேப்பரில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது பலர் வழக்கம். ஈரத்தில் மை இலையில் ஒட்டும். ஒரு பழைய பருத்தித் துணி அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்யும். மோர்மிளகாய், வற்றல், வடகம் காயவைக்கவும் வேட்டித்துணிதான்.

அலமாரியில் விரிக்கலாம். ஆனால் கழுவின ஈரத்தோடு தம்ளரைக் கவிழ்த்து வைக்கும் தட்டில் வேண்டாம், வாய் வைக்கும் விளிம்பு அல்லவா பேப்பரில் படுகிறது. மசாலா டப்பாக்கள், பெரிய பாத்திரங்கள் இருக்கும் தட்டில் பிரச்சினை இல்லை. மாதம் ஒருமுறை மாற்றாவிட்டால் அடியில் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் குடியேறிவிடும்.

கண்ணாடி துடைக்க நன்றாகவே உதவும், பஞ்சு உதிராது. வெள்ளை ஜன்னல் சட்டத்தில் மட்டும் பட விடாதீர்கள். துடைத்த பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போதும்.

பட்டுப்புடவை விஷயத்தில் உடம்புக்கு ஆபத்தில்லை, புடவைக்குத்தான் ஆபத்து. நாளிதழ்த் தாள் மரத்தின் லிக்னினை நீக்காமல் செய்வது. வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி அமிலம் உண்டாகும். மையும் ஜரிகையில் ஒட்டும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பழைய போட்டோ, நிலப்பத்திரம், ஓலைச்சுவடி எதையும் பேப்பரில் மடித்து வைக்காதீர்கள். வெள்ளிச் சாமான் கறுத்துப் போகும். பித்தளை அண்டா, குத்துவிளக்கு என்றால் பேப்பரே போதும்.

காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்துப் பாட்டிகள் செய்த கூடை உங்கள் வீட்டில் இருக்குமானால் வெங்காயம், பூண்டு வைக்கப் பயன்படுத்துங்கள், பலகாரம் வைக்க வேண்டாம். அடுப்புப் பற்றவைக்க ஒரு தாள் கொளுத்துவது பரவாயில்லை; கட்டுக்கட்டாக எரிக்காதீர்கள், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது.

கோழிக்குஞ்சுக்கு, உமி பரப்பி அதன் மேல் பேப்பர் விரிக்கலாம். முதல் சில நாள் குஞ்சு உமியைத் தீனி என்று கொத்தாமல் இருக்க அது உதவும். ஆனால் வழுவழுப்பான தாளில் கால் வழுக்கிக் குஞ்சின் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும், பிறகு அது நிற்கவே சிரமப்படும். அதனால் பளபளப்புத் தாள் கூடவே கூடாது. சாதாரணப் பேப்பரையும் கசக்கி, சுருக்கம் விழச் செய்து விரியுங்கள், தினமும் மாற்றுங்கள், குஞ்சுகள் தீனிப்பாத்திரத்தை அடையாளம் கண்டுகொண்டதும் பேப்பரை எடுத்துவிட்டு உமியிலேயே விடுங்கள். எச்சத்தோடு எடுத்த அந்தப் பேப்பரைக் கிழித்து உரக்குழியில் போடலாம். எச்சத்தில் தழைச்சத்து அதிகம் என்பதால் வெறும் பேப்பரைவிட அது சீக்கிரம் மக்கும். முழுதாக மக்கிய பிறகே காய்கறிப் பைகளுக்கு இட வேண்டும்.

பரணிலிருந்து கட்டுகளை இறக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், பூஞ்சைத் தூசி நிறைய இருக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவரை அன்று வெளியே அனுப்பிவிடுங்கள். உங்கள் தோட்டத்துக்கு ஓர் ஆண்டுக்கு இரண்டு மூன்று கட்டுக்கு மேல் தேவைப்படாது. மீதியை எடைக்குப் போட்டுவிடுங்கள். ஆனால் டீக்கடைக்காரர் யாராவது பொட்டலம் கட்ட விலைக்குக் கேட்டால், கொடுக்காதீர்கள்.